பாடியவர் யார்?

ஒரு பாட்டைக் கேட்டால் பாடியவர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது வானொலிதான். எழுபதுகளில் மலேசிய வானொலியின் இந்தியப் பகுதியில் அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்வார், பாடியவரைச் சொல்வார், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாரையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார். ஜாவிக்கும் சுங்கை பாக்காப்புக்கும் நடுவில் இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்கும் பிள்ளைகளுக்கு டி.எம்.எஸ். யார், சீர்காழி யார், எல்.ஆர். ஈஸ்வரி யார் என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிடும். யார் முதலில் சொல்வது என்று எங்களுக்குள் போட்டியே நடக்கும்.

அதே லயத்தில் இரண்டு பெரிய பாடகர்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் அறிவித்ததில்லை.

ஒருவர் கடைசி வீட்டுப் பாட்டி. புல்வெட்டு வேலைக்குப் போகிறவர். தோட்டத்தில் சாவு விழுந்தால் முதலில் அவருக்குத்தான் ஆள் போகும். வந்ததும் பாட ஆரம்பிக்கமாட்டார். சுவரோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் பெண்களிடம் தணிந்த குரலில் விசாரிப்பார்: எந்த ஊர்க்காரர், எத்தனை பிள்ளைகள், வராத பிள்ளை எது, கடைசியாக என்ன கேட்டுச் சாப்பிட்டார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அதற்குப் பிறகு எழும்புகிற ஒப்பாரியில் அந்த விவரம் அத்தனையும் இருக்கும். ரஜூலா கப்பலில் வந்து இறங்கியதும் இருக்கும், சிங்கப்பூரிலிருந்து இன்னும் வந்து சேராத மகனும் இருப்பான். ஒரு சாவுக்குப் பாடியதை அவர் இன்னொரு சாவுக்குப் பாடிக் கேட்டதில்லை. மெட்டு ஒன்றாக இருக்கும், பாட்டு புதிதாக இருக்கும். கேட்பதற்கு எழுதிவைத்துப் பாடுவதுபோல அவ்வளவு கச்சிதமாக விழும். அவருக்கு எழுதத் தெரியாது.

இன்னொருவர் மதுரைவீரன் கோயில் பூசாரித் தாத்தா. பகலில் பால்மரம் வெட்டுவார், காண்டாவில் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமப்பார். ஆண்டுக்கு ஓர் இரவு உடுக்கையை எடுப்பார். இடுப்பு ஒடுங்கிய அந்தச் சின்ன வாத்தியத்தின் கயிற்றை இடது கை விரல்களால் இறுக்கியும் தளர்த்தியும் அவர் சுருதியை ஏற்றி இறக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பொம்மியை மதுரைவீரன் சிறையெடுக்கும் இடத்தில் உடுக்கை ஓடும். மாறுகால் மாறுகை வாங்கும் இடத்தில் ஒற்றை ஒற்றை அடியாக நிற்கும். அந்த இடத்துக்கு வரும்போது பெரும்பாலும் விடிந்துகொண்டிருக்கும். காலைப் பெரட்டுக்கு ஆள் போக வேண்டும். ஆனாலும் கதை முடியாமல் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள்.

இந்தப் பாட்டுகளெல்லாம் இந்த மண்ணுக்கு எப்படி வந்தன என்பதற்கு ஊரின் வரலாறே சாட்சி. சுங்கை பாக்காப் கரும்பால் உண்டான ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீ லாய் ஹுவாட் என்ற தியோச்சூ சீனர் இங்கே கரும்புத் தோட்டங்களை நடத்தினார். செபராங் பிறையின் மற்ற பகுதிகளில் வெள்ளைக்காரத் துரைமார்களின் தோட்டங்கள். தமிழர்கள் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தது முதலில் அந்தக் கரும்புக்குத்தான். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மூட்டை முடிச்சில் வைக்க ஒன்றும் இல்லாதவர்கள் தொண்டையில் வைத்துக் கொண்டுவந்தவைதான் தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் உடுக்கைப் பாட்டும். மூன்று பயிர் மாறியும் அவை நின்றன.

தோட்டத்துக்கு முதல் டேப் ரிக்கார்டர் வந்தபோது அதில் பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானும் இருந்தது. கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுப் போடுவதற்குத்தான் அது வாங்கப்பட்டது, அதற்குத்தான் பயன்பட்டது. பாட்டியின் குரலோ தாத்தாவின் உடுக்கையோ ஒரு கேசட்டிலும் இல்லை. தினமும் பக்கத்தில் இருப்பதைப் பதிந்து வைக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றுவதற்கு வழியில்லை. வானொலியில் வருவது பாட்டு. வாசலில் கேட்பது சாவு, சாமி, வேலை. அப்படித்தான் பிரித்து வைத்திருந்தோம்.

அந்தப் பிரிவை எனக்கு உடைத்துக் காட்டியது பினாங்குத் தெருக் கேசட் கடை. பினாங்குப் பாலம் 1985இல்தான் திறந்தது. அதற்கு முன் பேருந்தில் பட்டர்வொர்த் போய், ஃபெரி ஏறி, ஜார்ஜ் டவுன் கரையில் இறங்கி நடக்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் கடைக்குக் கடை ஒலிபெருக்கி. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் காலிக் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். அப்படி ஒருமுறை காத்திருந்தபோது, கடைக்காரர் சாமிப் பாட்டு அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு கேசட்டை எடுத்து, "தம்பி, இதைக் கேட்டுப் பாரு, சினிமா இல்ல, கிராமத்துப் பாட்டு" என்று போட்டார். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் பாடிய கேசட். புல்வெட்டுக்குப் போகும் பெண்கள் வழியெல்லாம் பாடுவார்களே, அந்த மெட்டு. கடைத் தெருவில், ஒலிபெருக்கியில், பெயர் அச்சடித்த அட்டையோடு.

விஜயலட்சுமியும் அவர் கணவர் நவநீதகிருஷ்ணனும் மதுரைப் பக்கம் ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டியவர்கள். ஆராய்ச்சியும் செய்தார்கள், மேடையேறிப் பாடியும் காட்டினார்கள். 2018இல் விஜயலட்சுமிக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கடல் தாண்டி ஒரு கேசட் கடையில் அவர் குரல் விலைக்குக் கிடைத்தது என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஆனாலும் பொதுவாக எங்கள் பக்கம் ஒரு கிராமத்துக் குரல் வந்து சேர வேண்டுமானால் சினிமா கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கொல்லங்குடி கருப்பாயி அகில இந்திய வானொலியில் பாடிக்கொண்டிருந்தவர். நாங்கள் அவரை அறிந்தது 1985இல் வந்த 'ஆண் பாவம்' படத்தின் வீடியோ கேசட்டில்தான். பரவை முனியம்மா கிராமத்து மேடைகளில் காலமெல்லாம் பாடியவர். 2003இல் 'தூள்' படத்தில் மதுரைவீரனைப் பாடிய பிறகுதான் சுங்கை பாக்காப்பின் கோப்பிக்கடைகளில் அவர் பெயர் அடிபட்டது. அதே மதுரைவீரனை விடிய விடியப் பாடியவர் எங்கள் தாத்தா. படம் வந்தபோது அவர் இல்லை. முனியம்மா 2020 மார்ச்சிலும் கருப்பாயி 2025 ஜூனிலும் காலமானார்கள். சினிமா இவர்களுக்கு நன்மைதான் செய்தது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சினிமா எட்டிப் பார்க்காத ஆயிரம் பேரை நாம் எட்டிப் பார்த்தோமா என்பதுதான் என் கேள்வி.

சினிமாவைக் கேட்காமலே வந்தவர்களும் உண்டு. கே.ஏ. குணசேகரனின் குரலை ஒரு நண்பர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த கேசட்டில்தான் கேட்டேன். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்த கொடுமையை ஒட்டி இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை அவர்தான் ஊர் ஊராகப் பாடிப் பரப்பினார். தப்பின் அடி சாவு வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, கோபத்துக்கும் சொந்தம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கள் தோட்டத்தில் தப்படிப்பவர்கள் தென்னோலையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். கணீரென்று வரும்வரை தட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கடைசியில்தான், அதுவும் வெளியில்தான். அந்த வாத்தியத்தை மேடைக்குக் கொண்டுவந்த குணசேகரன் பேராசிரியராகவும் இருந்தார், 'வடு' என்று தன்வரலாறும் எழுதினார். 2016இல் மறைந்தார்.

பினாங்குத் தமிழர்கள் பாட்டில் பெயர் வாங்கவில்லையா என்றால், வாங்கினார்கள், நாடே அறிய வாங்கினார்கள். அலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் பினாங்குச் சகோதரர்கள். அவர்கள் மலாயில் பாடிய பாட்டுகள் இன்றும் மலாய்க்காரர் வீட்டுத் திருமணங்களில் ஒலிக்கின்றன. லோகநாதன் 2007இல் இறந்தபோது மூவினத்தாரும் வருந்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். மலேசியப் பையன்களின் தமிழ்ச் சொல்லிசை சென்னைக்குப் போய் அங்கே பலருக்கு வழிகாட்டியது. பாட்டு எப்போதும் அங்கிருந்துதான் இங்கே வரும் என்றிருந்த வழக்கத்தைத் திருப்பிப் போட்ட ஆல்பம் அது.

பிறை தொழிற்பேட்டையில் என்னோடு வேலை செய்த சீன நண்பர் ஒருவர் கிட்டார் வாசிப்பார். மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகரைப் பற்றி அவர்தான் சொன்னார். ஹர்ட் 1928இல் சில பாட்டுகளைப் பதிந்தார். தட்டுகள் விற்கவில்லை, அவர் விவசாயத்துக்கே திரும்பிவிட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் யாரும் தேடவில்லை. பழைய தட்டு ஒன்றில் அவர் தன் ஊரின் பெயரைப் பாடியிருந்தார்: அவலோன். 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு மிசிசிப்பிக்குப் போய் ஆளையே கண்டுபிடித்துவிட்டார். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் ஹர்ட் பாடினார். 1966இல் இறக்கும்வரை அவர் பாட்டுக்கு ஆள் இருந்தது.

இந்தக் கதை என்னை உலுக்கியது. எங்கள் பாட்டியின் ஒப்பாரியிலும் ஊர்ப் பெயர்கள் இருந்தன, கப்பல் பெயர் இருந்தது, தோட்டத்தின் பெயர் இருந்தது. தேடி வருகிறவனுக்கு வேண்டிய அடையாளம் அத்தனையும் பாட்டுக்குள்ளேயே இருந்தது. தட்டுதான் இல்லை.

இன்றைக்கு வருவோம். தோட்டம் துண்டாகி விற்கப்பட்டு, லயம் இடிபட்டு, நாங்கள் தாமான் வீடுகளுக்கு வந்து நாளாகிறது. பக்கத்துப் பத்து காவானில் தமிழர்கள் வேலை செய்த செம்பனைக் காடு இருந்தது. இப்போது அங்கே இரண்டாவது பாலம் இறங்குகிறது, ஐக்கியா கடை நிற்கிறது, தொழிற்சாலைகள் ஓடுகின்றன. பாட்டு கேட்க ஃபெரி ஏற வேண்டியதில்லை. கைப்பேசி போதும்.

2021 மார்ச்சில், கோவிட் கட்டுப்பாடுகள் இன்னும் தளராத நேரத்தில், என் மருமகப் பிள்ளை கைப்பேசியில் ஒரு பாட்டைக் காட்டினான். தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'. எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்டேன். படமே இல்லை மாமா, பாட்டு மட்டும்தான் என்றான். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்களே, அந்த வரலாற்றின் வழி வந்த குடும்பம். பாட்டின் நடுவே ஒப்பாரியின் சாயல் எழுந்ததும் எனக்குக் கடைசி வீட்டுப் பாட்டியின் குரல் கேட்டது. காட்டைத் திருத்திப் பயிராக்கியவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு சாணும் மிஞ்சவில்லை என்ற துயரம் தேயிலைக்கும் ரப்பருக்கும் ஒன்றுதான். கோடிக்கணக்கானோர் அதைக் கேட்டார்கள். தமிழ் தெரியாதவர்களும் ஆடினார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் இந்தப் பாட்டையும் 'நீயே ஒளி' என்ற இன்னொரு பாட்டையும் கொண்டாடி அட்டைப்படம் போட்டது. இரண்டையும் எழுதியவர் அறிவு. அட்டையில் அவர் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் முதலானோர் வெளிப்படையாகக் கேள்வி கேட்ட பிறகு அறிவின் படத்தோடு இன்னோர் அட்டை வந்தது. பெயரில்லாமல் உழைத்துச் செத்தவர்களைப் பற்றிய பாட்டு அது. அதை எழுதியவன் பெயரே விடுபட்டது. அந்தக் காலத்தில் கேசட் இல்லை, பதிவு இல்லை என்று காரணம் சொல்லலாம். 2021இல் என்ன காரணம் சொல்வது?

அந்தப் பாட்டிலிருந்து பின்னோக்கி நடந்தேன். பாட்டின் கீழே யார் எழுதியது, யார் பறை அடித்தது, யார் பதிவு செய்தது என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படிப்பேன். ஒரு பெயரைத் தட்டினால் இன்னொரு பெயர் வரும். அப்படித்தான் 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவுக்குப் போனேன். சாதி ஒழிப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் வழி வந்த பெயர் அது. தென்மாவின் இசையில் கானாவும் ராக்கும் சொல்லிசையும் ஒரே மேடையில் நின்றன. அங்கே இசைவாணியைக் கேட்டேன். ஆண்களே பாடிவந்த கானாவில் தன் குரலை நிறுத்திய பெண். 2020இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' மேடை ஒப்பாரிக்கும் பறைக்கும் கானாவுக்கும் இடம் கொடுத்தது. தேடலில் வந்த இன்னொரு பெயர், கேரளத்தின் அட்டப்பாடியிலிருந்து இருளர் இனத்து நஞ்சம்மா. ஆடு மாடு மேய்த்தவர். 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தன் மொழியில் பாடித் தேசிய விருது பெற்றார். முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று சிலர் முணுமுணுத்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நஞ்சம்மா படித்த பாடசாலை எது என்று எங்கள் லயத்துப் பெண்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இப்படித் தேடுவதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கைப்பேசி எனக்கு அட்டப்பாடியைக் காட்டுகிறது, வடசென்னையைக் காட்டுகிறது. சுங்கை பாக்காப்பைக் காட்டுவதில்லை. யாராவது பதிந்து ஏற்றினால்தானே காட்டும்?

எங்கள் தாமானில் பையன்கள் உருமி மேளக் குழு வைத்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போவார்கள், சுற்றுவட்டாரக் கோயில்களின் தீமிதிக்குப் போவார்கள். பெரியவர்கள் சிலர் இதை இரைச்சல் என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். ஒருமுறை அவர்கள் ஒத்திகை பார்க்கும் செட்டுக்குள் போய் உட்கார்ந்து பாருங்கள். வளைந்த குச்சியால் உருமியின் ஒரு முகத்தைத் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல் காதுக்கு முன்னால் நெஞ்சில் விழும். மறு முகத்தில் நேர்க்குச்சி அடியை எண்ணிக்கொண்டே போகும். தேய்க்கும் அழுத்தம் ஒரு நூல் கூடினால் கீச்சிடும், குறைந்தால் ஊமையாகும். அந்த அளவு கைக்கு வர ஆண்டுக் கணக்கில் ஆகும். பகலில் பத்து காவான் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிற பையன் இரவில் வந்து அதைப் பழகுகிறான். அவன் கைவித்தை எந்த நகரத்து மேடைக் கலைஞனுக்கும் குறைந்ததில்லை.

அவர்களுக்குக் கிடைக்காதது கதைப்பாட்டுதான். அடி இருக்கிறது, முழு மதுரைவீரன் இல்லை. தாத்தாவோடு போய்விட்டது. மலேசிய நாட்டுப்புறப் பாடல்களை இரா. தண்டாயுதம் தொகுத்தார், முத்தம்மாள் பழனிசாமி தன் குடும்பத்துப் பெண்கள் பாடியவற்றை நூலாக்கினார். இருவருக்கும் இந்த நாட்டுத் தமிழர்கள் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் புத்தகத்தில் சொல்தான் நிற்கும். பாட்டியின் இழுப்பும் நிறுத்தமும் தாளில் ஏறாது.

தோட்டத்தில் பாடிய தலைமுறையில் இன்னும் சிலர் எஞ்சியிருக்கிறார்கள். சுங்கை பாக்காப்பிலும், வால்டோரிலும், நிபோங் திபாலிலும், எண்பதைத் தாண்டிய பெண்களாக இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் கைப்பேசியை அவர் பக்கத்தில் வையுங்கள். பாட்டுக்கு முன்னால் அவர் பெயர், பிறந்த ஊர், வேலை செய்த தோட்டம், யாரிடம் கேட்டுப் படித்தார் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதியுங்கள். ஒரு படி உங்களிடம் இருக்கட்டும், ஒரு படியைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் கொடுங்கள்.

கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழா அழைப்பிதழில் தலைவர் பெயர், பொருளாளர் பெயர், உபயகாரர் பெயர், வரப்போகும் பிரமுகர் பெயர் எல்லாம் அச்சாகின்றன. வாசிப்பவர்கள் இருக்கும் இடத்தில் 'உருமி மேளம்' என்று இரண்டே சொற்கள். குழுவின் பெயரையும் உருமி வாசிப்பவர், மோளம் அடிப்பவர், பாடுபவர் பெயர்களையும் அங்கே போடுங்கள். அவர்களுக்குப் பேசிய பணத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள். அடுத்த அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.